அஞ்சறைப் பெட்டி உண்டு, கருவிப் பெட்டி எங்கே?



உங்கள் வீட்டுச் சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் கடுகு அகப்படும். ஏனெனில் அதற்கென்று ஓர் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. ஊசிக்கும் நூலுக்கும் ஒரு டப்பா உண்டு. காம்பசுக்கும் கோணமானிக்கும் ஜியோமிதிப் பெட்டி உண்டு. பாட்டியின் வெற்றிலைக்குக்கூட ஒரு செல்லம் உண்டு. ஆனால், "சுத்தியல் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள்! கட்டிலின் அடியில் என்பார் ஒருவர். பரண்மேல் என்பார் மற்றொருவர். பக்கத்து வீட்டார் வாங்கிச் சென்றார்கள் என்பார் இன்னொருவர். கடைசியில் குழவிக் கல்லை எடுத்து ஆணியை அடிப்போம். ஆணி வளையும், விரல் நசுங்கும், சுவர்ப் பூச்சு உதிரும். ஆணி மட்டும் இறங்காது!

ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு வகுப்பறையிலும், கைக்கருவிகளைப் போட்டுத் தூக்கிச் செல்ல எளிய மரப்பெட்டி ஒன்று இருக்க வேண்டும். அதைக் கடையில் வாங்காமல் மாணவிகளாகிய நாமே செய்ய வேண்டும். இதுவே என் கருத்து. இதைப் படித்ததும், "பெண் பிள்ளைக்கு எதற்கு உளியும் சுத்தியலும்?" என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அவர்களுக்கு விடை சொல்லுமுன், இந்த எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ஒரு தச்சர். நான்கு ஆண்டுகளுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் சுத்தியலை இறுகப் பற்றும் வலு அந்தக் கைக்குத் திரும்பவில்லை. இப்போது ஒரு மரக்கடையில் அளவு எழுதும் வேலை பார்க்கிறார். அவருடைய உளிகளும், இழைப்புளியும், வாளும், மூலைமட்டமும் ஒரு சாக்குப் பைக்குள் புகுந்து, மாடிப்படியின் அடியில் நான்கு மழைக்காலங்களைக் கழித்தன.

சென்ற கோடை விடுமுறையில் பழைய இரும்பு வாங்குபவர் தெருவில் வந்தார். "சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே, போட்டு விடலாமா?" என்று அம்மா கேட்டார்கள். அப்பா ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாக்கைத் திறந்து ஓர் உளியை எடுத்து, அதன் வாயைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். செம்பழுப்பாய்த் துரு ஒட்டிக்கொண்டது. உளியின் கூர் இரண்டு இடங்களில் சிறு பல்லாய் உடைந்திருந்தது. வெட்டி உடைந்ததன்று, சாக்குக்குள் ஒன்றோடொன்று மோதி உடைந்தது. வந்தவர் தராசைக் கீழே வைத்தார். ஒரு தச்சரின் இருபது ஆண்டுக் கைத்திறன் கிலோக் கணக்கில் நிறுக்கப்படவிருந்தது.

"வேண்டாம் அப்பா, நான் வைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னது நான்தான். எனக்கே வியப்பாக இருந்தது.

"வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ கண்ணு?" என்றார் அப்பா.

"முதலில் இவற்றுக்கு ஒரு பெட்டி செய்வேன்" என்றேன்.

தோழியரே, சாக்குப் பை ஏன் கூடாது என்பதை அன்றுதான் அறிந்தேன். சணல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்புக்கு ஈரமும் காற்றும் சேர்ந்தால் துருதான் என்பதை வேதியியலில் படித்திருக்கிறோம். படித்தது வேறு, அப்பாவின் உளியில் பார்த்தது வேறு. மேலும், சாக்கில் கையை விட்டுத் துழாவினால் முதலில் அகப்படுவது உளியின் கூர்தான்! நாம் செய்யும் பெட்டியோ மூடியில்லாதது. காற்று உலவும், எது எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மேலே பிடி இருப்பதால் வேலை நடக்கும் இடத்திற்கே எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோகலாம்.

அதைச் செய்வது பெரிய வித்தையன்று. பலகை ஐந்து, கம்பு ஒன்று, அவ்வளவே. மரக்கடையில் ஒதுக்கிப் போட்ட வேப்பந் துண்டுகளை அப்பா கேட்டு வாங்கி வந்தார். பக்கப் பலகைகளுக்குச் சாமான் வந்த பழைய மரப்பெட்டியைப் பிரித்தோம். பிடிக்குப் பழைய திரைச்சீலைக் கம்பு கிடைத்தது. ஆணி, திருகாணி, மரப்பசை, உப்புத்தாள் ஆகியவற்றை மட்டுமே விலைக்கு வாங்கினோம்.

முதலில் கருவிகளைத் தரையில் வரிசையாக வைத்து அளக்கச் சொன்னார் அப்பா. பெட்டியின் நீளத்தைத் தீர்மானிப்பது நாமல்ல, உள்ளே படுக்கப்போகும் கருவிதான். எங்கள் இழைப்புளி 14 அங்குலம். கைவாள் 22 அங்குலம். வாளுக்காகப் பெட்டியை நீட்டினால் தூக்க முடியாத பாரமாகிவிடும் என்று, அதற்குப் பல்லில் ஓர் உறை மாட்டிச் சுவரில் தொங்கவிட்டோம். பெட்டியின் உள்நீளம் 18 அங்குலம், அகலம் 8 அங்குலம் என்று முடிவு செய்தோம். அடிப்பலகைக்கும் இரு முனைப் பலகைகளுக்கும் ¾ அங்குலக் கனம். தச்சர்கள் ஓர் அங்குலத்தை 8 நூலாகப் பிரிப்பார்கள். ஆகவே இது அவர்கள் பேச்சில் 6 நூல் பலகை. பக்கப் பலகை இரண்டும் ½ அங்குலக் கனம், 4½ அங்குல உயரம்.

முனைப் பலகைகள் 8 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உடையவை. பக்கப் பலகையின் உயரத்துக்குச் சற்று மேலிருந்து இருபுறமும் சாய்வாக வெட்டி, உச்சியில் 3 அங்குலம் மட்டும் விட வேண்டும். பார்ப்பதற்குக் கூரை வீட்டின் முகப்பைப் போல் இருக்கும். அந்த உச்சியிலிருந்து 1½ அங்குலம் கீழே பிடிக் கம்பு நுழையும் துளை. இரு பலகைகளையும் சேர்த்துக் கட்டி, அடியில் ஒரு வேண்டாத துண்டை வைத்து, ஒரே முறையாகத் துளையிட்டோம். அப்படிச் செய்தால் இரு துளைகளும் நேர்க்கோட்டில் அமையும். துளையின் மறுபக்கம் சிம்பு பெயராது.

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்யவிருந்தேன். மரத்தின் ரேகை படுத்த வாக்கில் ஓடும்படி முனைப் பலகைக்குக் கோடு போட்டேன். அப்பா ஒன்றும் திட்டவில்லை. அதே பலகையில் இரண்டு மெல்லிய சிம்புகளை வெட்டச் சொன்னார். ஒன்று ரேகையின் வழியே, மற்றொன்று ரேகைக்குக் குறுக்கே. "ரெண்டையும் ஒடி" என்றார். குறுக்கே வெட்டியது பிஸ்கோத்துப்போல் ஒடிந்தது. ரேகை வழியே வெட்டியது வளைந்ததே தவிர ஒடியவில்லை. பெட்டியைத் தூக்கும்போது பிடி மேலே இழுக்கிறது. பாரம் கீழே இழுக்கிறது. அந்த இழுப்பு ரேகையின் வழியே போனால் மரம் தாங்கும்; குறுக்கே போனால் பிளந்துவிடும். ஆகவே முனைப் பலகையில் ரேகை நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். விசையைப் பற்றி எத்தனையோ வினாக்களுக்கு விடை எழுதியிருக்கிறேன். ஆனால் விசையை விரலால் அறிந்தது அன்றுதான்.

அடுத்த தவறிலிருந்து அப்பாவும் என்னைக் காப்பாற்றவில்லை. உள்நீளம் 18 அங்குலம் அல்லவா? பக்கப் பலகைகளையும் 18 அங்குலமாகவே வெட்டிவிட்டேன். அவை முனைப் பலகைகளின் வெளிவிளிம்பில் அறையப்பட வேண்டியவை; இரண்டு முனைகளின் கனத்தையும் சேர்த்து 19½ அங்குலம் இருக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் 96 வாங்கிய நான் ¾ஐயும் ¾ஐயும் கூட்ட மறந்தேன்! கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பா சிரித்தார். "பலகை எங்கேயும் போயிடல. அடிப்பலகையை 16½ ஆ வெட்டு. இழைப்புளி படுக்க அது போதும்" என்றார். பெட்டி சிறிதாயிற்று, ஆனால் பெட்டியாயிற்று. தேர்வுத் தாளில் தவறினால் சிவப்பு மையால் ஒரு கோடு விழும், அத்தோடு முடிந்தது. மரவேலையிலோ தவறுக்குப் பிறகுதான் உண்மையான யோசனை தொடங்குகிறது. இதை வேறு எந்த வகுப்பிலும் நான் கற்றதில்லை.

ஆணி அடிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. விளிம்புக்கு அருகே கூரான ஆணியை அடித்தால், அது ஆப்பைப் போல ரேகையை விலக்கிப் பலகையைப் பிளந்துவிடும். ஆணியின் முனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிச் சற்று மழுக்கிவிட்டால், அது இழைகளை விலக்காமல் நசுக்கிக்கொண்டு இறங்கும், பலகை பிளக்காது. கூர்தான் நல்லது என்று நினைத்திருந்த எனக்கு இது புதுமை! பலகையின் வெட்டுமுகத்தில் இறங்கும் ஆணிக்குப் பிடிப்புக் குறைவு. ஆதலால் அங்கே பசை தடவி, ஆணிகளைச் சற்றுச் சாய்த்து அடித்தோம். அடிப்பலகையின் நீண்ட விளிம்புகளில் பக்கப் பலகைகளை 1½ அங்குல ஆணிகளால் அறைந்தோம். பெட்டியின் பாரத்தைத் தாங்குபவை பெரும்பாலும் அவைதாம். பிடிக் கம்பைத் துளைகளில் நுழைத்து, அது உருளாதபடி உச்சியிலிருந்து ஒவ்வொரு திருகாணி முடுக்கினோம். உள்ளே ஓர் ஓரமாகத் துளையிட்ட சட்டம் ஒன்றைப் பொருத்தியதால் ஐந்து உளிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. துருவைத் தேய்த்துப் போக்கிய பிறகு கருவிகளின்மீது தடவியது எதைத் தெரியுமா? அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை!

மொத்தம் நான்கு மாலைப் பொழுதுகள் ஆயின.

இனி, புருவத்தை உயர்த்தியவர்களுக்கு விடை சொல்கிறேன்.

"தையல் கற்றுக்கொள், அதுவே பெண்ணுக்கு அழகு" என்பார்கள். தையலை நான் குறை கூறவில்லை. தைக்கவும் எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். துணியை அளக்கிறோம், கோடு போடுகிறோம், வெட்டுகிறோம், இணைக்கிறோம். மரத்திலும் அதைத்தான் செய்கிறோம். தையலுக்கு இடம் விட்டு வெட்ட வேண்டும் என்பதும், பலகையின் கனத்தைச் சேர்த்து வெட்ட வேண்டும் என்பதும் ஒரே பாடம். துணியை வெட்டும் கைக்கு மரத்தை வெட்டத் தெரியாதா? நாற்காலிக் கால் ஆடுகிறது, அலமாரிக் கதவின் திருகாணி கழன்றுவிட்டது, தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்றால், ஆண் துணை வரும்வரை காத்திருப்பதுதான் அழகா? பெண்கள் மட்டும் வாழும் வீடுகள் நம் தெருவிலேயே எத்தனை!

"கை வெட்டிக்கொள்வாயே" என்பார்கள். அரிவாள்மணையில் நம்மை உட்கார வைத்தபோது யாரும் இப்படிக் கவலைப்பட்டதாக நினைவில்லை. கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதே பாதுகாப்பு. உளி போகும் வழியில் மற்றக் கையை வைக்கக் கூடாது என்பதே அப்பா எனக்குச் சொன்ன முதல் பாடம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூடியில்லாத பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில்தான் அது இருக்க வேண்டும்.

"கடையில் பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கிறதே, எதற்கு வீண் வேலை?" என்பார்கள். கிடைக்கிறது, மழையில் எடுத்துச் செல்ல அது நல்லதுதான். ஆனால் அதன் பிடி உடைந்தால் பெட்டியே குப்பை. என் பெட்டியின் பிடி உடைந்தால் வேறொரு கம்பு போதும். அதுமட்டுமன்று, விலைக்கு வாங்கிய பெட்டி கருவிகளை வைத்துக்கொள்ளும். செய்த பெட்டியோ கருவிகளைப் பிடிக்கவும் நமக்குக் கற்றுத் தந்துவிடுகிறது.

"பத்தாம் வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பவர்களுக்குப் பெரியோரின் சான்று ஒன்றைக் காட்டுகிறேன். 1910ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். அறப்போரில் ஈடுபட்ட தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கே வாழ்ந்தன. அங்கிருந்த பிள்ளைகளுக்குப் படிப்பும் கைவேலையும் சேர்ந்தே நடந்தன. பண்ணைக்கு வேண்டிய விசுப்பலகைகள் முதல் பெட்டிகள் வரை தாங்களே செய்துகொண்டார்கள். பண்ணை நிலத்தைத் தந்த கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக் தச்சு வேலை அறிந்தவர். அவர் மரியன்ஹில் என்னும் இடத்திலிருந்த கத்தோலிக்கத் துறவியர் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கவும் கற்று வந்து, காந்தியடிகளுக்குக் கற்பித்தார். பின்னர் 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், பயனுள்ள ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்தே கல்வி அமைய வேண்டும் என்று காந்தியடிகள் வாதாடினார். கைவேலை படிப்பைக் கெடுக்கும் என்று அவர் கருதவில்லை. படிப்பே அதன் வழியாக வரும் என்று கருதினார். என் நான்கு மாலைப் பொழுதுகளில் இயற்பியலும், வேதியியலும், கணக்கும் என்னிடம் வந்து சேர்ந்தன அல்லவா?

இனி நான் சொல்லப்போவது எனக்குச் சற்றுக் கூச்சமானது.

பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு படிவம் நிரப்புகிறோம். அதில் "தந்தையின் தொழில்" என்று ஓர் இடம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து நான் அந்த இடத்தில் "தனியார் வேலை" என்றே எழுதி வந்தேன். என் அருகில் அமர்ந்தவர்கள் பொறியாளர் என்றும் வங்கி அலுவலர் என்றும் எழுதும்போது, "தச்சர்" என்று எழுத என் பேனா நகரவில்லை. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறேன். அந்தத் திருநாளில் பாடகர் குழுவில் நின்று பாடியும் இருக்கிறேன். கையில் மூலைமட்டத்துடன் நிற்கும் சூசையப்பருக்கு மாலை சாத்திய நான், வீட்டில் அதே மூலைமட்டத்தை வைத்திருந்தவரின் தொழிலை எழுத வெட்கப்பட்டேன். நான் மட்டுந்தானா இப்படி? கைத்தொழிலை மேடையில் புகழ்ந்துவிட்டுப் படிவத்தில் மறைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கும் இருக்கிறது. நாமே ஒரு பலகையை நேராக அறுத்துப் பார்க்கும்வரை அந்தப் பழக்கம் போகாது. அறுத்துப் பார்த்தவளுக்குத்தான் தெரியும், நேராக அறுப்பது எவ்வளவு அரிய செயல் என்று!

ஆகவே நம் பள்ளிக்கு ஒரு சிறு வேண்டுகோள். கைவேலை வகுப்பில் தையலோடு ஒரு மாதம் மரவேலைக்கும் இடம் தர வேண்டும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு இருந்தால் தேர்வு நெருக்கடியும் குறுக்கிடாது. நம் ஊரில் வயது முதிர்ந்து, வேலைக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் தச்சர்கள் இருக்கிறார்கள். சுத்தியல் தூக்க முடியாவிட்டாலும் அவர்களால் சொல்லித் தர முடியும். என் அப்பா இடது கையால் சுட்டிக் காட்டியே எனக்குச் சொல்லித் தந்தார். முதல் வேலையாக, வகுப்புக்கு ஒரு தூக்குப் பெட்டி செய்வோம். அதில் ஒரு சுத்தியல், இரண்டு திருப்புளிகள், ஒரு குறடு, கொஞ்சம் ஆணியும் திருகாணியும் இருக்கட்டும். வேலையில்லாத நேரத்தில் அது ஆசிரியையின் அலமாரியில் பூட்டியிருக்கட்டும். ஆடும் மேசைகளையும், நம் பாவாடையைக் கிழிக்கும் பெஞ்சு ஆணிகளையும் நாமே சரி செய்வோம். பெஞ்சைச் சரி செய்தவள் அதில் காம்பசால் பெயர் செதுக்க மாட்டாள் என்பதும் உறுதி!

எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி இப்போது மாடிப்படியின் அடியில் இல்லை. கூடத்து அலமாரியின் மேல் இருக்கிறது. சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, "ஜன்னல் கொக்கி கழண்டு போச்சு, உங்க அப்பாவை வரச் சொல்லும்மா" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

இவ்வாண்டுப் படிவத்தில் "தச்சர்" என்று எழுதிவிட்டேன்.

தோழியரே! முதல் பெட்டிக்கு வேண்டிய துண்டுப் பலகைகளை நான் கொண்டு வருகிறேன். ஆணி அடிக்க யார் யார் வருகிறீர்கள்?

– மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு